வெயில் கேட்ட தெப்பம்

செஞ்சிக் கோட்டைப் பீரங்கியைத் தலைக்கு வைத்து ஒருநாள் தூங்கினேன். விழித்துப் பார்த்தால் பீரங்கி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. என் குறட்டை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. என் மகள் மதுமதி மட்டும், "பீரங்கி பாவம் நைனா" என்றாள்.

அவள் ஆராய்ச்சி படித்தவள். சாயப்பட்டறைக் கழிவு இறங்கி எங்கள் குளம் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போலாகிவிட்டது. பட்டறையை மூடிய பிறகும் நிறம் போகவில்லை. மதுமதி தெர்மாகோல் போன்ற வெள்ளைப் பலகைகளைக் கொண்டுவந்து மிதக்கவிட்டாள். மேலே ஒரு பொடி பூசியிருந்தது. வெயில் பட்டால் பொடி விழித்துக்கொண்டு சாயத்தை உடைக்குமாம். நிழலில் தூங்கிவிடுமாம்.

"இதுக்குப் பேரு இன்னாம்மா?"

"மிதவை, நைனா."

மிதவை என்றால் யார் மதிப்பார்கள்? என் மகள் தெப்பம் விட்டிருக்கிறாள் என்று பஸ் நிலையம் வரைக்கும் சொல்லிவைத்தேன். பேர் ஒட்டிக்கொண்டது.

வாரம் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து ஜன்னலில் வைப்பாள். ஆறாவது பாட்டில் ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. ஏழாவதை எடுக்க அவள் இல்லை. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து குளத்துக்குப் போனேன். மேலே பச்சை வலைப் பந்தல். பலகைகள் தெரியாதபடி சாமந்தி. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் ஈரக் கையோடு நின்றாள்.

"தெப்பத்த மொட்ட வெயில்ல வுடலாமா அண்ணே? நம்ம புள்ள வுட்டதாச்சே. ஊரே சேந்து பண்ணோம்."

மகளுக்குப் போட்ட பூவை எப்படித் திட்டுவது? வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் நானே ஒரு பாட்டில் எடுத்தேன். சேற்றில் ஊறிக்கிடந்த சாயம் மேலே வந்து, மறுபடியும் பீட்ரூட்.

"அது வெயில்லதான் வேல செய்யும், பந்தலக் கழட்டுங்க" என்றேன்.

பந்தல் போட்ட பச்சைமுத்து என் தோளைத் தட்டினான். "இது பீரங்கியவிட பெருசா இருக்குது மாமா. போய் ரெண்டு வாய் சாப்புடு."

வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை சொன்னேன். வாங்க ஆளில்லை.

மறுநாள் காலை டீக்கடையில் சொன்னேன்: "மதுமதி கனவுல வந்தா. இருட்டா இருக்குது நைனா, பூவ எடுக்கச் சொல்லுன்னா."

ஒருவரும் டீயைக் குடிக்கவில்லை. பால் வாங்க வந்த குஞ்சம்மாள் சொம்பை அங்கேயே வைத்துவிட்டுக் குளத்துக்கு ஓடினாள். ஒரு மணி நேரத்தில் பந்தல் இறங்கியது. ஆளுக்கொரு கை பூவை அள்ளினார்கள். பலகைகள் மேல் வெயில் விழுந்தது.

"இன்னா துணி போட்டுனு இருந்தா அண்ணே?" குஞ்சம்மாள் அழுதுகொண்டே கேட்டாள்.

"மஞ்சச் சுடிதார்."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா."

அவள் என் கனவில் ஒருநாளும் வந்ததில்லை. வருவாளென்று தினமும் சீக்கிரமே படுத்துப் பார்க்கிறேன். அவளிடம் மஞ்சள் சுடிதார் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.