அப்பாவோடது மட்டும் சரி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கணினிக்காரர்களை நாலு கிண்டல் செய்யலாம் என்றுதான் இந்தக் கதையைத் தொடங்கினேன். முதல் வரி: “மேற்கே போகப் போக நாள்கள் தேய்ந்துகொண்டே…” வேண்டாம், ரொம்பத்தான் தோரணை.

2
அவள் வீட்டின் கடைக்குட்டி, மென்பொருள் எழுதுபவள். குடும்பத்தின் முக்கிய நாள்களை நினைவூட்ட ஒரு செயலி செய்து எல்லோர் கைபேசியிலும் போட்டிருந்தாள். கடல் தாண்டி மேற்கே, உலகின் மறுகோடியில் லாரி ஓட்டும் அண்ணனோடு மட்டும் ஒப்புக்குத்தான் பேச்சு. அப்பா இறந்தது பதினான்காம் தேதி. அவன் வருஷா வருஷம் பதிமூன்றாம் தேதியே கூப்பிடுவான். பெற்றவர் போன தேதிகூட மனதில் நிற்காதவனோடு என்ன பேச்சு என்று இரண்டு வார்த்தையில் போனை வைத்துவிடுவாள். (அவளை இவ்வளவு கறாராக்கியது நான்தான். கதைக்கு ஒரு சண்டை வேண்டியிருந்தது.)

3
போன வாரம் அண்ணன் ஒரு குரல்பதிவு அனுப்பினான்.

“பாப்பா, உன் ஆப்புல எல்லார் பொறந்தநாளும் ஒரு நாள் முன்னாடி காட்டுது. அப்பாவோடது மட்டும் சரியா இருக்கு.”

எதையாவது நோண்டியிருப்பான் என்று முணுமுணுத்தபடி தன் கணினியின் கடிகாரத்தை அண்ணன் ஊருக்கு மாற்றிப் பார்த்தாள். எல்லாத் தேதியும் ஒரு நாள் முன்னதாகிவிட்டது. நேரம் சொல்லாமல் வெறும் தேதியைக் கொடுத்தால், அவள் எழுதும் நிரல்மொழி உலகப் பொது நேரத்தின் நள்ளிரவைத் தானாக ஒட்டிவிடுகிறது. அந்த நொடி இங்கே அதே தேதியின் காலை. அங்கே முந்தின நாள் மாலை.

திருத்துவது சுலபம். திருத்தப் போனவளுக்கு அப்போதுதான் அந்தக் கடைசி வாக்கியம் உறைத்தது. அப்பா போனது விடியற்காலை. அண்ணனுக்குப் போன் செய்து சொன்னவளே அவள்தான். அவன் அழுதபோது அவன் ஊரில் பதிமூன்றாம் தேதி மாலை.

அவன் எதையும் மறக்கவில்லை. அவள் அலுவலக மேசையிலேயே அழுதாள். (இந்த இடத்தில் வாசகர் சிரிப்பார் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.)

4
முடிவு அ: எல்லாத் தேதியையும் திருத்துகிறாள். [அண்ணனுக்கு அப்பாவின் நாள் தப்பாகிவிடும். அடித்தேன்.]

முடிவு ஆ: பிழையை அப்படியே விட்டு… [மற்றவர்கள் பிறந்தநாள் என்ன பாவம் செய்தது?]

முடிவு இ: பிறந்தநாள்களை நேரமில்லாத வெறும் தேதிகளாக்கினாள். அப்பாவுக்கு மட்டும் அந்த விடியற்காலையின் நேரத்தையும் சேர்த்தாள். இங்கே பதினான்கு, அங்கே பதிமூன்று. இரண்டும் சரி. இது இருக்கட்டும்.

5
இன்று பதிமூன்று, இங்கே இரவு, அங்கே காலை. அண்ணன் கூப்பிடுகிறான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அவள் பேசும் முதல் வரியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். “நாளைக்குத்தானே அண்ணா” என்று மட்டும் அவளைச் சொல்ல வைத்துவிடாதீர்கள்.