பதினோரு லட்சம் மிச்சம்

வெயில் தாங்காமல் தலைவர் தனகோட்டி செய்த காரியம் அது. ஊராட்சியின் ஆண்டுக் கணக்கை அச்சடித்த ஃப்ளெக்ஸை, கிராம சபையன்று அலுவலகத்துக்குள் பீரோவுக்குப் பின்னால் மாட்டி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அவர் அதை அவிழ்த்து வந்து, தம் வழுக்கைக்கு நிழல் வேண்டி இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே தம் கையாலேயே கட்டினார். எழுத்துப் பக்கம் ஜனங்களைப் பார்த்து நின்றது. 'கையிருப்பு: பதினோரு லட்சம்.'

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒண்டிக்கிடக்கிற ஊர். இங்கே பணம் மிஞ்சுமென்று யாரும் கனவுகூடக் கண்டதில்லை.

முதலில் எழுந்தவர் ராஜ்மோகன். மைன்ஸில் பெர்மனென்டாக இருந்து ஓய்வுபெற்று, மெயின் ரோட்டில் மாடி வீடு கட்டியவர். "ஊர் முகப்புல ஒரு ஆர்ச் கட்டுவோம் தலைவரே. உங்க பேரும் போடலாம்."

சிமென்ட்டில் தம் பெயரைத் தனகோட்டி ஒரு கணம் படித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

"பேங்க்லயே கெடக்கட்டும்ங்க," என்றார் மளிகைக்கடை பாலகுமார். "நாளைக்கு மோட்டார் எரிஞ்சா யாருகிட்ட போய் நிக்கிறது?"

ஓரமாகக் காலனித் தெருக்காரர்கள் நின்றிருந்தார்கள். தனகோட்டி பிறந்த தெரு. கைப்பம்பு வறண்டு இரண்டு வருடம். குழாய் வருமென்று அவர் சொல்லிச் சொல்லி, இப்போது அந்தத் தெருவைத் தவிர்க்கவே சுற்றுவழி பிடிக்கிறார்.

"ஆர்ச்சுன்னு எழுதியாச்சு. கையெழுத்துதான் பாக்கி." ராஜ்மோகன் தீர்மான நோட்டை நீட்டினார். மெயின் ரோட்டுக்காரர்கள் ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள். தனகோட்டி பேனாவைத் திறந்தார், மூடினார். நேரம் கடத்தத்தான் கேட்டார்: "அது சரி, இவ்ளோ எப்படி மிஞ்சிச்சு?"

"வருசக் கடைசில அப்படித்தான் நிக்கும் சார்," என்றாள் கிளார்க் வெண்மதி, நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

"எல்லாம் உங்க நிர்வாகத் திறமைதான்," என்றார் ராஜ்மோகன்.

தனகோட்டிக்கே சிரிப்பு வந்தது. வீட்டில் காஸ் சிலிண்டர் தீர்ந்ததுகூட, சாப்பாடு வராதபோதுதான் அவருக்குத் தெரியும்.

"காரணம் தெரியாம கையெழுத்துப் போட மாட்டேன்." சொன்னது தாம்தானா என்று அவருக்கே சந்தேகம். மேசையைச் சுற்றி முணுமுணுப்பு ஏறியது.

"படிச்ச புள்ள சொல்லுது, உங்களுக்கு இன்னும் என்ன காரணம்?" ராஜ்மோகனின் குரல் தடித்தது. "போடுங்க!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தனகோட்டியின் அண்ணன் மனைவி சின்னம்மாள் வந்தாள். ஊர்க் குப்பை அள்ளுகிறவள்.

"நீயாவது சொல்லு அண்ணி. எப்படி மிஞ்சிச்சு?"

"நம்ம தெருவுக்குக் கொழா போட வந்த பணம்ப்பா அது. ரோட்ட வெட்டினா தன் வாச கெட்டுப்பூடும்னு இந்த மாடி வூட்டுக்காரரு சொன்னாரு. நீயும் தலைய ஆட்டிக்கினு ரெண்டு வருசமா நிறுத்தி வெச்சிருக்க. அதான் மிஞ்சிச்சு."