நாலு படிகளும் ஒரு விஆர் கண்ணாடியும்

எங்கள் நூலகத்துக்கு நாலே நாலு படிகள்தான். அயனம்பாக்கம் ஏரி ஒரு மழைக்காலத்தில் நிரம்பி வழிந்து, பழைய கட்டடத்துக்குள் புகுந்து பாதி அலமாரியை ஊறவைத்துவிட்டுப் போனது. அதனால் புதிதாகக் கட்டியபோது தரையை உயர்த்திவிட்டார்கள். இனிமேல் தண்ணீர் உள்ளே ஏறாது. என்னாலும் ஏற முடியாது. தண்ணீரைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்களுக்கு என்னைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை.

என் பெயர் அகல்யா. வயது இருபத்தாறு. நடந்ததே இல்லை, சக்கர நாற்காலிதான். ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் இங்கேயே கிளம்பிவிடலாம். குரூப் நாலு தேர்வுக்குப் படிக்கிறேன். எங்கள் வீடு ஒற்றை அறை. டிவி, குக்கர் விசில், தம்பியின் போன் என்று சத்தத்துக்குக் குறைவில்லை. மேஜை, மின்விசிறி, அமைதி மூன்றும் ஒன்றாக இருக்கிற இடம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அங்கே எனக்கு உறுப்பினர் அட்டைகூட உண்டு. அம்மா சரசாதான் போய்ப் புத்தகம் எடுத்து வருவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீல அட்டை போட்ட கணக்குப் புத்தகம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினால், சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல் குறிப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அதுவும் நீல அட்டைதான். வந்த கோபத்தில் அதையே இரண்டு முறை படித்தேன்.

ஒரே ஒரு நாள் உள்ளே போயிருக்கிறேன். போன தேர்தலில் எங்கள் வாக்குச்சாவடி அந்த நூலகத்தில்தான். படிகளின் மேல் பலகையால் சாய்தளம் போட்டிருந்தார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு, போலீஸ்காரர் ‘நகரும்மா’ என்று சொல்லும்வரை அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து அம்மாவை அனுப்பாமல் நானே போனேன். சாய்தளம் இல்லை. அந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நின்றன.

நூலகர் கலியமூர்த்தி வெளியே வந்தார். நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றுக்கும் பயப்படுவார்.

“அது எலக்‌ஷன்காரங்களுதும்மா. அன்னிக்கே வண்டில ஏத்திகினு போய்ட்டாங்க” என்றார்.

நம்பினேன். சாய்தளம் கேட்டு மனு எழுதினேன். ஒன்றல்ல, ஆறு. ஐந்து மனுக்களுக்குப் பதிலே இல்லை. ஆறாவதற்குப் பதிலாக வந்ததுதான் விஆர் கண்ணாடி.

ஏரிக்கு எதிரே அடுக்குமாடிக் குடியிருப்பில் ராகேஷ் என்று ஓர் ஐடிக்காரர் இருக்கிறார். லீவு நாட்களில் நூலகத்துக்கு ஏதாவது செய்துகொடுப்பார். அவர் ஒரு உருண்டைக் கேமராவை உள்ளே நிறுத்தி நூலகம் முழுவதையும் படம் எடுத்திருந்தாராம். கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டால் உள்ளேயே இருப்பதுபோலத் தெரியுமாம். கலியமூர்த்தி வீட்டுக்கே வந்து அழைத்தார்.

“உனக்காகத்தாம்மா இவ்ளோ ஏற்பாடும். பெரிய ஆபீசர் வர்றாங்க. நீ கண்ணாடியப் போட்டுகினு ரெண்டு வார்த்த நல்லா சொல்லு, போதும்.”

“நான் உள்ள வரணும்னுதான சார் கேட்டேன்? படம் பாக்கணும்னா கேட்டேன்?”

அவர் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழாவது மனுவை ஆபீசர் கையிலேயே கொடுக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலை. படிகளுக்கு முன்னால் சாமியானா. பேனரில் என் படம், என்னைக் கேட்காமலே. அதன் கீழே ‘தடைகளற்ற நூலகம்’ என்று பெரிய எழுத்து. படிகள் நாலும் தெரியாதபடி அந்தப் பேனரையே குறுக்கே கட்டியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முன்வரிசையில் வாசகர் வட்டத் தலைவர் சம்பந்தம். நூலகம் நிற்கிற நிலம் அவர் குடும்பம் கொடுத்தது. அதை ஒரு நாளைக்கு ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. படியோரம் அவர் ஸ்கூட்டருக்குத்தான் முதல் இடம். அன்று விழாவுக்காக அதைத் தெருவில் நிறுத்தியிருந்தார், முகத்தில் அந்தத் தியாகம் தெரிந்தது.

ஆபீசர் அம்மா முதலில் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு சம்பந்தம். ‘அடேங்கப்பா!’ என்றார். இருவரும் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்று நேராக மட்டும் பார்த்தார்கள். அடுத்து நான். ராகேஷ் மாட்டிவிட்டு, “டைட்டா இருந்தா சொல்லுங்கக்கா” என்றார். என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஜன்னல் வெளிச்சம், பளபளக்கும் தரை, காலியான மேஜைகள். எதிரே போட்டித் தேர்வு அலமாரி. புத்தகங்களின் முதுகில் எழுத்துகூடத் தெரிந்தது. கையை நீட்டினேன். வெறும் காற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதையும் போட்டோ எடுத்து ஆனந்தக் கண்ணீர் என்று போடுவார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

அலமாரியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு சக்கரத்தை இறுக்கிப் பிடித்து மறு சக்கரத்தைத் தள்ளினேன். எனக்குத் திரும்புவது என்றால் அப்படித்தான், முழுசாகத் திரும்பிவிடுவேன். அறையும் என்னோடு திரும்பியது.

பின்னால் ஒரு குப்பைமேடு! படம் எடுப்பதற்கு முன் கலியமூர்த்தியும் சம்பந்தமும் கல்யாண வீட்டு போட்டோவுக்கு ஒழுங்குபடுத்துவது மாதிரி, அறையில் ஒரு பக்கத்தை மட்டும் துடைத்து வைத்து, வேண்டாததையெல்லாம் கேமராவுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். “இந்தக் கேமராவுக்குப் பின்பக்கமே இல்ல, எல்லாப் பக்கமும் விழும்னு சொன்னேன்க்கா. ‘யாருப்பா திரும்பிப் பாக்கப் போறாங்க’ன்னாரு தலைவர்” என்று ராகேஷ் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

நான் திரும்பிப் பார்த்தேன். உடைந்த நாற்காலிகள், பழைய பேப்பர்க் கட்டுகள், இறக்கை போன மின்விசிறி. நடுவில், சுவரோடு சாய்த்து, நீலப் பெயிண்டில் சக்கர நாற்காலி வரைந்த சாய்தளம்.

கண்ணாடியைக் கழற்றாமலே மைக்கில் பேசினேன். “மேடம், ரொம்ப நல்லா தெரியுது. பின்பக்க சுவத்துல எலக்‌ஷனுக்குப் போட்ட ராம்ப் சாஞ்சிகினு கீது. அத எடுத்தாந்து இங்க போடச் சொல்லுங்க. நான் உள்ள போறேன்.”

கண்ணாடியைக் கழற்றினேன். சம்பந்தம் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“அது பழைய மரம்மா. உழுந்து கிழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது? அதப் போட்டா வண்டி வுட எடம் எங்க கீது?”

கடைசியில் உண்மை வெளியே வந்துவிட்டது. ஆபீசர் கண்ணாடியை வாங்கி மறுபடி மாட்டிக்கொண்டார். இந்த முறை திரும்பிப் பார்த்தார்.

“எடுத்துட்டு வாங்க, கலியமூர்த்தி” என்றார்.

கலியமூர்த்தி என்னைக் கடக்கும்போது, “தலைவர்தாம்மா வேணான்னாரு” என்று முணுமுணுத்தார். பேனரை அவிழ்த்தார்கள். சாய்தளம் வந்தது. தள்ள வந்த நாலு கைகளையும் வேண்டாம் என்றேன். செங்குத்துதான், தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. ஏறிவிட்டேன். என் புத்தகத்தை நானே எடுத்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாயங்காலம்வரை படித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் கணக்குப் போட்டதே இல்லை. அந்தப் புத்தகத்தை வீட்டுக்கும் எடுத்துவந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனால் சாய்தளம் உள்ளே. அதன் இடத்தில் சம்பந்தத்தின் ஸ்கூட்டர். அவர் மேலே வாசலோரம் மற்றவர்களோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கத்தவில்லை, மனுவும் எழுதவில்லை. ஸ்கூட்டருக்கு நேர் பின்னால் நாற்காலியை ஒட்டி நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, மடியில் புத்தகத்தை விரித்தேன். ஒன்பது மணிக்கு அவர் இறங்கி வந்தார்.

“இன்னாம்மா இது? வண்டிய எடுக்கணும், தள்ளு.”

“நான் உள்ள போணும் சார்.”

“டிபனுக்கு ஊட்டுக்குப் போவணும்மா. ஆறிப்பூடும்.”

“ராகேஷ் சாராண்ட சொல்லி உங்க ஊட்டையும் படம் புடிக்கச் சொல்லுங்க. கண்ணாடியப் போட்டுகினா ஊட்லயே கீற மாதிரி இருக்கும், இட்லிகூட தெரியும்.”

மேலே யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. “எங்க நெலம்மா இது!”

“அதான் குடுத்துட்டீங்களே சார்.”

ஆதரவுக்கு மேலே பார்த்தார். அத்தனை பேரும் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் வழி வுடும்மா.”

“நீங்க வுடுங்க சார்.”

அப்போது உள்ளே மரம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே கலியமூர்த்தி சாய்தளத்தை ஒற்றை ஆளாக வாசல்வரை இழுத்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பலகையை மேல்படியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, தலைவரை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“சார், வண்டிய நவுத்துங்க. அகல்யா மேல வரணும்.”