அஞ்சு சிசி

தாய்மாமன் காரில்தான் மணப்பெண் கோயிலுக்குப் போகவேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தினேஸ்வரிக்குத் தாய்மாமன்கள் இரண்டு பேர். அதுதான் வந்த வினை.

குனோங் ராபாட்டில் தினேஸ்வரியின் அம்மா கலாதேவி வீட்டு வாசலில் பெரிய மாமன் பிச்சைமுத்துவின் டட்சனும் தம்பி சீனியின் கொரோலாவும் முட்டிக்கொள்வதுபோல நின்றன. இரண்டும் எழுபதுகளில் வந்த கார்கள். அப்பாவின் கருமாதியன்றுகூட அண்ணனும் தம்பியும் இந்தக் கார்களுக்காகத்தான் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“ஆயிரத்து நூத்தி எழுவத்தொன்னு சிசி!” பிச்சைமுத்து பானெட்டைத் தட்டினார். “ஒன்னோடது ஆயிரத்து நூத்தி அறுவத்தாறு. அஞ்சு கொறச்சல்லா.”

“அஞ்சு சிசிய வச்சு என்னா பண்ணுவ, பல்லு வெளக்குவியா? ஒன் டட்சன் ரெண்டாவது கியர்ல அழுவுறது சிலிபின் வரைக்கும் கேக்குது.”

“ஒன் கதவத் தொட்டா துரு கையோட வருது. பேச வந்துட்டான்!”

“வாய மூடுங்கடா ரெண்டு பேரும்!” என்று கத்தினாள் கலாதேவி. “பொண்ணு பெரியவன் கார்லயே போகட்டும். நான் முன்னாடி கோயிலுக்குப் போறேன்.”

பிச்சைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. யானைக்குப் போடுகிற அளவுக்கு ஒரு ரோஜா மாலை வாங்கி வைத்திருந்தார். அதைக் காரின் முகம் முழுக்க, கிரில் துளியும் தெரியாமல் கட்டினார். சீனி அந்த மாலையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாயைக் கோணிக்கொண்டு தன் காரில் ஏறினான். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டார் பிச்சைமுத்து.

தினேஸ்வரியை ஏற்றிக்கொண்டு பத்து காஜா ஊரைத் தாண்டும்போது சூடு காட்டும் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. பிச்சைமுத்து பார்த்தார். நிறுத்தியிருக்கலாம். ஆனால் பின்னால் கொரோலா அல்லவா வருகிறது! பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கோயில் இருந்த பழைய தோட்டத்துக்குத் திரும்பும் முனையில் பானெட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. டட்சன் நின்றேவிட்டது.

சீனி சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். “மாலைய வச்சு அடச்சா ரேடியேட்டருக்குக் காத்து எங்கேருந்து வரும்? காலையிலயே பாத்தேன்.”

“பாத்துட்டு ஏன்டா சொல்லல?”

“முள்ளு ஏறுனத நீ பாக்கல? ஏன் நிறுத்தல?”

தினேஸ்வரி கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினாள். கண் மை கரைந்திருந்தது.

“ஒரு மாமா பாத்துட்டு நிறுத்தல. இன்னொரு மாமா பாத்துட்டு சொல்லல. நல்லா இருங்க. ரெண்டு பேரு கார்லயும் நான் ஏற மாட்டேன்.”

பின்னால் வந்த தோழி ஷாமினியின் மைவி காரில் ஏறிக்கொண்டாள். அந்த வண்டி செம்பனை மரங்களுக்கு நடுவே போய் மறைந்தது.

முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணிதான். கோயிலோ நாலு மைல். தாலி கட்டும்போது தாய்மாமன் பக்கத்தில் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? பிச்சைமுத்து வெந்துபோன மாலையைப் பிய்த்து எறிந்தார். நெஞ்சு கொதிக்கக் கொதிக்க கொரோலாவின் ஜன்னலுக்குப் போனார்.

“நானும் ஏறிக்கிறேன்டா, சீனி.”

சீனி இஞ்சினை முடுக்கினான்.

“அஞ்சு சிசி கொறச்சல்லா, அண்ணே. ரெண்டு பேர இழுக்காது.”

கொரோலா போய்விட்டது.