காளவாயின் நான்கு மூக்கு

சுண்ணாம்புக் காளவாயில் தீ மூட்டி ஐம்பத்தெட்டு மணி நேரமாகியும் கல் கல்லாகவே இருந்தது.

பிஹி நீண்ட இடுக்கியால் ஒரு கல்லை உருவி மண்ணில் போட்டார். ஆறியதும் தண்ணீர் தெளித்தார். வெந்திருந்தால் சீறிப் பொங்கி மாவாக உதிர்ந்திருக்கும். இது நனைந்துகொண்டு சும்மா கிடந்தது.

"எரிக்க ஒலிவச் சக்கை இன்னும் ஒரு குவியல்தான் இருக்கு," என்றார் ஹம்மு. காளவாய் அவருடையது. "மழைக்கு முன்ன ஊர்த் தொட்டிக்குப் பூசியாகணும். இல்லன்னா வருஷம் பூரா கழுதை மேலதான் தண்ணி. தூங்கிட்டியா பிஹி?"

"முப்பது வருஷமாத் தீ பாக்குறேன். என் பொண்டாட்டியக் கேளு, வீட்டுலயே தூங்க மாட்டேங்குறான்னு திட்டுவா."

ஹம்மு சிரிக்கவில்லை.

அவர் மகள் இத்தோ, மராக்கேஷில் வேதியியல் படித்துவிட்டு வந்தவள், சற்றுத் தள்ளி நின்றாள். தீ நன்றாகத்தான் எரிந்தது. கல்லிலிருந்து ஒரு வாயு பிரிந்தால்தான் அது சுண்ணாம்பாகும். வாயு உள்ளேயே தங்கிவிட்டால் சுண்ணாம்பு அதைத் திரும்ப விழுங்கிக் கல்லாகிவிடும். தேர்வில் இருபக்க அம்புக்குறி போட்டு இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் அவள்.

உச்சியைப் பார்த்தாள். ஏணியை எடுத்து வந்து சாய்த்தாள்.

"அப்பா, மேல ஏறிப் பாக்கணும்."

உச்சியில் மண் பூசும்போது பிஹி நான்கு துளை விடுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஸ்மில்லா. காளவாய்க்கு நாலு மூக்கு என்பார். இப்போது மூன்று துளைகள் களிமண்ணால் அடைபட்டிருந்தன. இத்தோ கம்பியால் குத்தி உடைத்தாள்.

புகை இல்லை, நிறமில்லை. ஆனால் துளைகளுக்கு மேலே காற்று நடுங்கியது. அதன் வழியே தெரிந்த அட்லஸ் மலை நீரில் கிடப்பதுபோல் அலைந்தது. அந்த மலையும் இதே கல்தான். எத்தனையோ யுகமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சைக் கல் அவள் கண்ணெதிரே விட்டுக்கொண்டிருந்தது. இறங்க மனமில்லாமல் ஏணியிலேயே நின்றாள்.

மறுநாள் காலை, கடைசிச் சக்கையும் எரிந்து முடிந்தபின், பிஹி இன்னொரு கல்லை எடுத்தார். எடை பாதியாகக் குறைந்திருந்தது. தண்ணீர் பட்டதும் சீறியது, பிளந்தது, வெள்ளையாகப் பூத்து உதிர்ந்தது. இத்தோ கையை அருகில் கொண்டுபோனாள். அதன் சூடு உறைத்தது. தொட்டியில் பூசியபின் இதே மாவு காற்றிலிருந்து அந்த மூச்சை மெல்ல இழுத்து மறுபடி கல்லாகும். போன வழியே திரும்பி வரும்.

"சுண்ணாம்பு தப்பிச்சுது," என்றார் ஹம்மு. "ஆனா துளைய அடைச்சுட்டு மறந்துபோறவன் எனக்கு வேண்டாம். அடுத்த சூளைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

"நான் அடைக்கல, ஹம்மு."

"பின்ன ஜின்னு வந்து அடைச்சுதா?"

பிஹி இடுக்கியைத் துடைத்துச் சுவரில் சாய்த்தார். தலைப்பாகையை உதறிக் கட்டினார்.

இத்தோ பிஹியின் வழியில் வந்து நின்றாள்.

"அப்பா," என்றாள். ஹம்மு திரும்பவில்லை. மறுபடி சொன்னாள்.

"அப்பா, முந்தாநாள் பிஹி மாமா சாப்பிடப் போயிருந்தப்ப, சூடு வீணாப் போகுதேன்னு நான்தான் அடைச்சேன்."