ஆடியில் போன விண்ணப்பம்

கொழுந்து பறிக்கப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்பிரிங்வெளி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கடைசித் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தபோது தயானி அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டாள். சாதாரண தரப் பரீட்சை தேறாதவர்களும், ஐந்து வருடம் பிள்ளை பார்த்திருந்தால், பராமரிப்பாளராகப் பதிந்துகொள்ளலாம் என்று அமைச்சர் கெசட்டில் போட்ட விதியை நேற்றுப் பாராளுமன்றம் வாக்கெடுத்து ரத்துச் செய்துவிட்டது.

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. தன் பிழைப்பில் மண் விழுந்தது அதற்குப் பிறகே உறைத்தது.

பதிவில்லாதவர்கள் அடுத்த மாதம் மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டும். தயானியின் விண்ணப்பம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமிப் படத்துக்கடியில், ஆவணி முதல் தேதிக்காகக் காத்திருந்தது. ஆடி முடிய இன்னும் மூன்று நாள். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா சஜீவனி வேதக்காரி. ஆடி இரண்டாம் வாரமே முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போய்ப் பதிந்துவிட்டாள். இருவரும் கோட்டைவிட்டது ஒரே கணக்குப் பாடத்தில். பிள்ளை பார்த்ததில் தயானிக்கு ஒன்பது வருடம், அவளுக்கு ஐந்து. அழுகிற பிள்ளையை எந்தத் தோளில் போட வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்ததே தயானிதான். இப்போது அவள் வீட்டில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் சான்றிதழ் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அம்மா அதைக் காட்டுவது தடுப்புப் பலகை வழியாக இங்கே கேட்கும்.

பிள்ளைக்காம்பரா மூலையில் சஜீவனி பால்மா கரைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா புள்ள? ஒன் சட்டிபிகேட்டும் போச்சி. கழட்டி வச்சிரு."

சஜீவனி கரண்டியை நிறுத்தவில்லை. "காலையிலயே கிளாக்கரய்யாகிட்ட கேட்டேன்க்கா. நேத்துலருந்துதான் அந்த விதி இல்லையாம். அதுக்கு முந்தி பதிஞ்சது செல்லுமாம். சட்டத்துலயே அப்படித்தான் இருக்காம்."

தொட்டில் கயிறு தயானியின் கையில் நின்றது.

"ஒனக்கென்ன. ஒங்க கோயில்ல ஆடியா, பூடியா."

"நான் கூப்பிட்டேனேக்கா. பஸ்ஸுக்குப் போகயில ஒங்க கதவத் தட்டுனேன்."

தட்டினாள்தான். "ஆடியில தொடங்குனது என்னைக்குடி வெளங்கியிருக்கு?" என்று தயானி பாயில் படுத்தபடியே கேட்டாள். லயமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அன்றைக்கு அவளுக்கு இனித்தது.

"நான் கங்காணிகிட்ட சொல்றேன்க்கா. ஒங்கள இங்கயே ஒத்தாசைக்கு வச்சிக்கச் சொல்லி."

"ஒன் வேலயப் பாருடி."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை எடுத்தாள். மஞ்சள் காய்ந்து உதிர்ந்தது. அவள் பெயர் அழியவில்லை. கிழிக்க மனம் வரவில்லை, திரும்ப வைக்கவும் வரவில்லை. சான்றிதழ் மாட்ட சஜீவனி அடித்த ஆணி தடுப்புப் பலகையைத் துளைத்து இந்தப் பக்கம் அரை விரல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை மடக்கச் சொல்லி தயானி இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறாள். இப்போது அந்த முனையில் தன் தாளை வைத்துக் குத்தினாள்.

ஆணி அசைந்து, அந்தப் பக்கம் சான்றிதழின் கண்ணாடிச் சட்டம் பலகையில் லேசாகத் தட்டியது.

கையை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.