பொக்ரேயின் கட்டைவிரல்

ஜொங்வொல் கடலுக்கடியில் மூச்சு விட்டது மகள் பொக்ரேயின் கட்டைவிரல் வழியாகத்தான். ஜேஜுத் தீவின் கிழக்குக் கரையில் எங்கள் ஊர்ப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுக்கிறார்கள். ஆண்கள் கரையில் தொட்டிலாட்டுகிறார்கள், குடிக்கிறார்கள், கருத்துச் சொல்கிறார்கள். ஜொங்வொல் மூழ்கியதும், பாறைமேல் கூடைத்தொட்டிலில் கிடந்த குழந்தை விரலை வாயில் போட்டுக்கொள்ளும். அது சப்புகிறவரை தாய் மேலே வரவேண்டிய தேவையே இல்லை. மற்ற பெண்கள் மேலே வந்து, விசிலடிக்கிற மாதிரி மூச்சை ஊதிவிட்டு மறுபடி போக, அவள் ஒரு பானை பார்லி வேகிற நேரம் அடியில் உலாவிவிட்டு, வலை நிறைய அபலோன் சிப்பியோடு வருவாள். யாரும் அதிசயப்படவில்லை, பொறாமைப்பட்டார்கள், அவ்வளவுதான். கரையில் குளிர்காய்கிற நெருப்பைச் சுற்றி, புகை முகத்தில் அடிக்காத இடம் ஊரிலேயே கெட்டிக்காரிக்கு என்பது வழக்கம். அங்கே ஜொங்வொல் உட்கார்ந்தாள்.

பெண் வளர்ந்தாள், விரல் வாயைவிட்டு வரவில்லை. விழுந்த பால்பற்களைக் கூரைமேல் எறிந்து புதுப் பல் கேட்டார்கள். புதுப் பல்லும் வந்தது. விரலுக்கு வழிவிட்டு வெளியே சாய்ந்துகொண்டே வந்தது. வாயை மூடினாலும் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் ஒரு சந்து தெரிந்தது. முன்பல்லால் நூடுல்ஸைக்கூடத் துண்டாக்க முடியாது. பள்ளியில் பையன்கள் அவளை மண்வெட்டி என்றார்கள். பெருநிலத்திலிருந்து பள்ளிக்கு வந்த பல் டாக்டர், அப்பா சாங்சிக்கைக் கூப்பிட்டனுப்பினார்.

“பால்பல்லோட நிறுத்தியிருந்தா தானா சரியாயிருக்கும். இப்பவாவது நிறுத்துங்க. இன்னும் விட்டா மேல்தாடை குறுகிப்போயிடும்.”

சாங்சிக் வீட்டுக்கு வந்து குதித்தார். “பொக்ரே அம்மா, இந்த வாயை வச்சுக்கிட்டு இவள எவன் கட்டுவான்?”

“இந்த சீசன் முடியட்டும். நானே நிறுத்துறேன்.”

“போன சீசனும் இதத்தான் சொன்ன.”

“அப்ப நீங்க எறங்குங்க கடல்ல. நான் உக்காந்து கருத்துச் சொல்றேன்.”

அவர் இறங்கவில்லை. காய்ச்சலுக்கு வாங்கி வைத்திருந்த கொயினா மாத்திரையைப் பொடித்துக் குழைத்து, காலையில் மகள் எழுமுன் விரலில் பூசிவிட்டார். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. அந்த விரலின் சங்கதி ஊருக்கே தெரியும்; அவருக்கு மட்டும் அது பொம்பளைகள் நெருப்போரம் பேசுகிற பேச்சு.

அன்று தாய் மூழ்கியதும் பொக்ரே விரலை வாயில் வைத்தாள், துப்பினாள், அழுதாள். சற்று நேரத்தில் தாயின் வலையோடு கயிறு கட்டிய சுரைக்குடுவை மிதவை தண்ணீரில் வெட்டி வெட்டி இழுபட்டது. அதைப் பார்த்ததும் அவள் விரலைத் திரும்ப வாயில் திணித்து, கசப்பு முழுவதையும் சப்பி விழுங்கினாள். ஜொங்வொல் மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்தாள். அன்றிலிருந்து பொக்ரேவுக்குத் தேனும் கசந்தது, ஆரஞ்சும் கசந்தது.

“இனிமே நான் என் மூச்சுலயே முங்கிக்கிறேன். எடுடி விரலை,” என்றாள் தாய். மகள் அவள் கண்முன்னால் எடுத்தாள். பாறைக்குப் பின்னால் போய் வைத்துக்கொண்டாள். கடலடியில் ஜொங்வொலின் மூச்சு குறையவில்லை, கசந்தது. மகள் நிறுத்தவில்லை என்று அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பல வருடம் வாயைத் திறக்காமல் சிப்பி எடுத்தாள். அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை. பாறைக்குப் பின்னால் பார்த்தும் சொல்லாமல் இருந்த எங்களையும்தான்.

பொக்ரேவுக்கு இருபது வயதானபோது பக்கத்து ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஏதோ பேச்சுக்கு அவள் சிரித்தாள். மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கொடுத்த டீயைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

மறுநாள் ஜொங்வொல் கரையில் நின்று மகளின் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தாள். அது எலும்பாய் மெலிந்து, பல் பட்டுப் பட்டுக் காய்த்திருந்தது.

“இன்னிக்கு நான் மேல வரமாட்டேன். நான் முங்குனதும் இதை எடுத்துரு. இனியாவது உன் வாய் உனக்குன்னு இருக்கட்டும்.”

அவள் மூழ்கினாள். பொக்ரே விரலை வாயில் வைத்தாள்.

இன்றுவரை எடுக்கவில்லை. எடுத்தால் அம்மா செத்துவிடுவாள். எடுக்காவிட்டாலும் அம்மா மேலே வரப்போவதில்லை. எத்தனையோ புயல் அடித்தும் அந்தச் சுரைக்குடுவை போட்ட இடத்திலேயே மிதக்கிறது. பொக்ரே விரலோடு தூங்குகிறாள், விரலோடு விழிக்கிறாள், யாரிடமும் பேசுவதில்லை. டாக்டர் குறைசொன்ன சந்தில் விரல் கச்சிதமாகப் பொருந்தி இருக்கிறது. ஒருநாளும் மூழ்காத அவளுக்குத்தான் எங்கள் பெண்கள் நெருப்போரத்தில் புகை வராத இடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கு வருகிற டாக்டர்கள் கரையில் அவளைக் கடந்தால் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

வேளாவேளைக்குச் சாங்சிக் பார்லிக் கஞ்சி கொண்டுவந்து, விரலுக்குப் பக்கவாட்டில் கரண்டியை நுழைத்து ஊட்டுகிறார். கசக்கிறதா என்று கேட்பதில்லை. வழிந்ததைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுக்கிறார்.